தொண்ணூறாயிரம் ரூபாய் நாடித்துடிப்பு

நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்ற வேண்டிய நேரத்தில் கைக்கடிகாரம் மாற்றிக்கொண்டவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஜெகதீசனும் தமிழ்ச்செல்வியும் மட்டும்தான். அதையும் மூன்று முறை மாற்றிக்கொண்டவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான்.

ஒரு முறை போதும் என்றுதான் ஏற்பாடு. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கட்டுவது, பெண் மாப்பிள்ளைக்குக் கட்டுவது, கைதட்டல், போட்டோ, முடிந்தது. ஜெகதீசனின் அக்கா சின்னப்பொண்ணு மேடையேறி நடுவில் புகுந்துவிட்டாள்.

"இன்னாது, ஒரு தபாவா? மால மாத்தறது எத்தினி தபா? மூணு தபா. மோதரம்னா ஒரு தபா, செரி. இது மோதரமா? கைய சுத்திக் கட்றது. கழுத்த சுத்திப் போட்ற மால மாரிதான். மூணு தபா மாத்துங்க."

"அக்கா, இது வாட்ச்சு."

"வாட்ச்சுக்குன்னு எவன் சாஸ்திரம் எழுதி வெச்சிகீறான், காட்டு. இல்லாட்டி நான் சொல்றதுதான்."

மண்டபத்தில் யாராலும் காட்ட முடியவில்லை. ஐயர் மேல்கூரையைப் பார்த்தார். மாலை மாற்றும் முறைப்படியே நடந்தது. அவரவர் வாட்ச்சை முதலில் அவரவர் கையில் கட்டிக்கொண்டார்கள். பிறகு கழற்றி எதிரில் நிற்பவர் கையில் கட்டினார்கள். திரும்பக் கழற்றி, திரும்பக் கட்டி, மறுபடியும். மாலையைக் கழற்ற ஒரு நொடி போதும். இந்தப் பட்டையில் இரண்டு கொக்கி, ஒரு பூட்டு. நாயனக்காரர் கட்டி முடிக்கும்வரை வாசிப்பை இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றில் அவர் கண்கள் வெளியே வந்துவிட்டன.

இரண்டும் ஒரே அச்சு. கறுப்புப் பட்டை, டைட்டானியம் கூடு, உள்ளே சிம். இரண்டையும் வாங்கி, ஒன்றை ஜெகதீசன் போனோடும் இன்னொன்றைத் தமிழ்ச்செல்வி போனோடும் இணைத்து வைத்தவன் ஜெபக்குமார். ஜெகதீசனோடு ஒரே ஆலையில் வேலை, பக்கத்துக் குடியிருப்பு. கடிகாரம் மாறிய நேரத்தில் ஜெபக்குமார் பந்தியில் மூன்றாவது கேசரியில் இருந்தான்.

கட்டி முடித்ததும் சின்னப்பொண்ணு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு வாட்ச் கண்ணாடியிலும் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

"புதுப் பொருளு. தாம்பூலம் மாத்தற வரிக்கும் எவனும் தொடைக்கக் கூடாது."

பெண்ணின் அப்பா கோதண்டராமன் மகளின் கையைத் தூக்கிப் பார்த்தார். செங்கல்பட்டில் நான்கு லாரி ஓட்டுகிறவர். பெண் பார்த்த நாளிலிருந்தே அவருக்கு இந்த வாட்ச் விஷயம் செரிக்கவில்லை.

"தொண்ணூறாயிரம் குடுத்தும் மணி தெரியலயேம்மா. லாரி டயரு தேஞ்சி போனாக்கூட செருப்பு தெக்கறவன் வந்து வாங்கினு போறான். இத எவன் வாங்குவான்?"

"அத கேளு அண்ணாத்த," என்றாள் சின்னப்பொண்ணு. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. "தங்கம்னா ஒரு ஆத்தர அவசரத்துக்கு அடகு வெக்கலாம். இத தூக்கினு போயி சேட்டு கடையில வெச்சா, சேட்டு நம்பள புட்ச்சி அடகு வெச்சிப்பாரு."

தமிழ்ச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். வாட்ச் அவள் யோசனை. பெண் பார்க்க வந்த அன்று, எத்தனை சவரன் என்று சின்னப்பொண்ணு ஆரம்பித்தபோது, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "எனக்கு நகை வேணாம். அவருக்கும் செயினு, மோதரம் வேணாம். ஆளுக்கொரு நல்ல வாட்ச்சு போதும்." அன்று தங்கள் ஊரான அணுபுரம் திரும்பும் வழியெல்லாம் காரில் சின்னப்பொண்ணு புலம்பினாள். "நக வேணாம்ன்ற பொண்ணு கல்யாணமே வேணாம்ன்ற பொண்ணுடா. எழுதி வெச்சிக்கோ."

ஜெகதீசன் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதல் மனைவி விஜயகுமாரி போய் மூன்று வருஷம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அவள் நகைகளை அவள் அம்மாவிடமே கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்குள் எதுவும் அசையவில்லை. அழுகையும் வரவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். நன்றாக இருக்கிறதா என்று தெரியாது. காலையில் பஸ் வரும், ஏறுவான். மாலையில் பஸ் நிற்கும், இறங்குவான். கல்யாணம் செய்துகொள் என்றாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு வேகம் வேண்டும். அது இல்லாததால் சரி என்றான்.

இன்று காலை சவரம் செய்துகொள்ளும்போதுதான் உறைத்தது. இது அந்தப் பெண்ணை ஏமாற்றுவது. அவளிடம் சொல்லிவிட வேண்டும்: எனக்குள் ஒன்றும் இல்லை, உன்னைப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை, வேண்டுமானால் நிறுத்திவிடு. தாம்பூலத் தட்டு கை மாறிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். தாம்பூலம் ஆறுக்கு மேல். இடையில் கடற்கரையில் போட்டோ. அவனுக்கு இருந்தது அந்த இடைவெளிதான்.

கடற்கரை மண்டபத்துக்குப் பின்னாலேயே. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மணல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாங்காய்க் கீற்றும் பஜ்ஜியுமாக நிறைந்திருந்தது. போட்டோக்காரர் ஒரு பெரிய குடை, இரண்டு நாற்காலி, ஒரு வெள்ளித் தகட்டுப் பலகை எல்லாம் கொண்டுவந்து இறக்கியிருந்தார். குடைக்கடியில் தமிழ்ச்செல்விக்குப் புடவை மடிப்பைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள். ஜெகதீசன் தள்ளி நின்று வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக் கொண்டிருந்தான். 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.' அதற்கு மேல் வரவில்லை.

ஜெபக்குமார் விரலை நக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மச்சான், போன குடு. நான் செட் பண்ணது வேல செய்தான்னு பாக்கறேன்."

வாட்ச்சைப் பார்க்க வழியில்லை, கண்ணாடி முழுக்கச் சந்தனம். போனில் திறந்தான். திறந்தவன் போனைக் கண்ணுக்கருகில் கொண்டுபோனான்.

"டேய்."

"என்ன?"

"நூத்தி இருவத்திநாலுடா."

"என்ன நூத்தி இருவத்திநாலு?"

"உன் நாடி! இங்க பாரு, அதுவே எழுதிக்கீது. 'நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள். ஆனால் இதயத் துடிப்பு அதிகமாக உள்ளது.' மச்சான், உள்ள என்னமோ நடக்குதுடா!"

"பழுதா இருக்கும்."

"தொண்ணூறாயிரம் ரூவா வாட்ச்சுல பழுதா? இரு, சோதிச்சிப் பாக்கலாம்."

போட்டோக்காரர் கூப்பிட்டார். தமிழ்ச்செல்வி குடையை விட்டு வெளியே வந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். ஜெபக்குமார் போனைப் பார்த்தபடியே கிசுகிசுத்தான். "இருவத்தேழு... இருவத்தொம்போது... வந்துகினே கீது..." அவள் ஜெகதீசன் தோளுக்கருகில் வந்து நின்றாள். "நூத்தி முப்பத்தொண்ணு!"

போட்டோ எடுத்தார்கள். அவள் பூ சரிசெய்யக் குடைக்குத் திரும்பினாள். நூற்றுப் பதினாறு. மறுபடி கூப்பிட்டார்கள். நூற்று முப்பத்திரண்டு. ஜெபக்குமார் போட்டோக்காரரிடம் போய் ஏதோ காதில் சொல்ல, அவர் ஆர்வமாகி, "சார், கொஞ்சம் ஒட்டி நில்லுங்க... இப்ப தள்ளி நில்லுங்க... மறுபடியும் ஒட்டி..." என்று ஆட்டிவைத்தார். எண் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கிட்டே வந்தால் ஏறியது. தள்ளிப் போனால் இறங்கியது.

ஜெகதீசன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தன் நெஞ்சின் மேல் அவனுக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாயிற்று. ஆலையில் அவன் வேலையே கருவிகளைப் படிப்பதுதான். குழாய்க்குள் என்ன கொதிக்கிறது என்று யாரும் கையை விட்டுப் பார்ப்பதில்லை. முள் சொன்னால் சரி. பன்னிரண்டு வருஷமாக முள் சொன்னதை நம்பியே சம்பளம் வாங்குகிறவன் இதை மட்டும் எப்படி நம்பாமல் இருப்பான்?

அப்படியென்றால் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. செய்தி மேலே வந்து சேராததுதான் கோளாறு.

முதலில் காது சூடாயிற்று. பிறகு கடல் திடீரென்று சத்தம் போட ஆரம்பித்த மாதிரி இருந்தது. இத்தனை நேரமும் அது போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"ஜெபா, எனக்கு பஜ்ஜி வேணும்."

"இன்னாது?"

"பஜ்ஜி. மொளகா பஜ்ஜி."

தின்றான். உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிரமாதமாக இருந்தது. இன்னும் இரண்டு வாங்கினான். பஜ்ஜிக் கடை அம்மாவிடம் போனை நீட்டினான். "பாருங்கம்மா, நூத்திப் பதினாறு." அவள் எட்டிப் பார்த்தாள். "அவ்ளோ இல்ல தம்பி, நாப்பது ரூவாதான்," என்றாள். மாங்காய் விற்றவரிடம் காட்டினான். பலூன் சுட வந்த ஒரு குடும்பத்துக்கே காட்டினான். குடும்பத் தலைவர் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

கடைசியில் குதிரைக்காரரிடம் வந்து சேர்ந்தான்.

"இன்னா நைனா இது, கரண்டு பில்லா?"

"என் நாடி."

குதிரைக்காரர் எண்ணைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். "எங்குதிரைக்கே இவ்ளோ ஓடாதே. ஏர்றியா?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். வழக்கமாகக் குழந்தைகளைச் சுமந்து சோம்பலாக நடக்கும் கிழட்டுக் குதிரை. அன்றைக்கு அதற்கும் என்ன தோன்றியதோ, ஓடியது. ஜெபக்குமார் பின்னால் ஓடினான். போட்டோக்காரர் அவனுக்குப் பின்னால் ஓடினார். ஜெகதீசன் வாய்விட்டுக் கத்தினான். என்ன கத்தினான் என்பது அவனுக்கே தெரியாது. அங்கவஸ்திரம் பறந்துபோய் ஐஸ்கிரீம் வண்டியின் மேல் விழுந்தது.

அலையோரத்தில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். கழுத்தில் அடுக்கடுக்காக நகை, எல்லாவற்றுக்கும் மேலே தொப்புள்வரை தொங்கும் ஆரம். கால் நனைக்கத்தான் வந்தாள். தம்பி குதிரையில் வருவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதில் அலையைக் கவனிக்கவில்லை. அலை முட்டி உயரத்துக்கு வந்தது. கீழே விழாமல் இருக்க ஒருவர் கையை விரிப்பார். இவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பொத்தென்று உட்கார்ந்தாள். அலை அவளைச் சுருட்டி, குலுக்கி, திரும்பக் கரையிலேயே வைத்தது. ஆரத்தைக் காணோம்.

"ஐயோ, சம்பந்திம்மா ஆரம்!" கோதண்டராமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார். அவர் பின்னால் இன்னும் நான்கு பேர். ஜெகதீசன் குதிரையிலிருந்து சரிந்து இறங்கி அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, அடி பட்டுதா? இரு, ஆரத்த தேடறோம்."

"வுடு, வுடு. போவட்டும்."

"எட்டு சவரன்க்கா!"

சின்னப்பொண்ணு அவன் காதைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். "கத்தாதடா. கவரிங்கு. எல்லாமே கவரிங்கு. நெஜம் பேங்க் லாக்கர்ல கீது. நெஜத்த எவளாவது கடலுக்கு இட்டுனு வருவாளா?"

"வேற எங்க போட்டுகினு போவ?"

"எங்கியும் இல்ல. திருடு போய்ட்சின்னா?"

"அப்ப எதுக்கு வாங்கின?"

"லாக்கர்ல வெக்கத்தான்!" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது. அடக்கினான். வயிற்றில் போய் உட்கார்ந்து அங்கிருந்து வெடித்தது. மணலில் உட்கார்ந்து சிரித்தான். நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு தம்பியை உற்றுப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அவருகிட்ட சொல்லணுமே," என்று கடலைக் காட்டினான் ஜெகதீசன். கோதண்டராமன் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து துழாவிக் கொண்டிருந்தார்.

"சொல்லாத. கொஞ்ச நேரம் தேடட்டும். நம்ம வூட்டு நகைக்கு ஒரு மரியாத வேணாமா?"

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது. "கொஞ்சம் வர்றீங்களா?"

தமிழ்ச்செல்வி. கையில் அவள் போன். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. கணக்கு இடிக்கும்போது வரும் முகம்.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மறைவில் போய் நின்றார்கள். ஜெகதீசனுக்கு மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் மணல். சொல்ல வந்தது இப்போது வேண்டியதில்லை என்ற சந்தோஷம் முகம் முழுக்க.

"நான் செங்கல்பட்ல ஈசிஜி எடுக்கற வேலையில இருக்கேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"நாடியப் பாத்தா எனக்குக் கொஞ்சம் புரியும். இத பாருங்க. வாட்ச்சு கட்டினதுலேந்து என் போன்ல அம்பத்தெட்டு. அம்பத்தொம்போது. மறுபடி அம்பத்தெட்டு. இந்தப் பொடவையில எனக்கு மூச்சே வுட முடியல. இத்தினி பேரு பாத்துகினு கீறாங்க. எனக்கு எப்படி அம்பத்தெட்டு வரும்? சரி, வாட்ச்சு பேஜாருன்னு வுட்டுட்டேன். அப்பறம் நான் நாற்காலியில சும்மா ஒக்காந்து பூ வெச்சிகினு இருக்கேன். நூத்தி நாப்பத்தாறு. தல நிமிந்து பாத்தா, நீங்க குதிர மேல."

ஜெகதீசன் அவள் போனைப் பார்த்தான். தன் போனைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சந்தனம் பூசிய வாட்ச்சைப் பார்த்தான்.

"மூணு தபா," என்றான்.

"ஒத்தப்பட, மாறினது மாறினபடியே நின்னுடிச்சி. எங்கையில இருக்கறது உங்களுது."

"அப்ப இந்த நூத்தி முப்பத்தொண்ணு..."

"எந்த நூத்தி முப்பத்தொண்ணு?" அவள் அவன் போனைப் பிடுங்கினாள். பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அவள் பார்க்கப் பார்க்கவே எண் நூற்று நாற்பதுக்குப் போயிற்று. சட்டென்று போனைக் கவிழ்த்தாள்.

"இத வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"ஜெபக்குமார் பாத்தான்."

"அப்பறம்?"

"போட்டோக்காரர். பஜ்ஜிக் கடையம்மா. மாங்கா விக்கறவரு. பலூன் சுட வந்தவங்க, குடும்பத்தோட. குதிரைக்காரர்."

"குதிரைக்காரரா!"

"குதிரையும் பாத்துச்சி."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு படகின் மேல் சாய்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெகதீசனால் சிரிக்க முடியவில்லை. உள்ளே ஏறியதெல்லாம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஓடியது அவளுடையது. அவனுடையது ஐம்பத்தெட்டு. அவள் வந்து தோளுக்கருகில் நின்றபோதும் ஐம்பத்தெட்டு. தூரத்தில், மண்டபத்துப் பக்கம், தட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். இப்போது மீதியும் வந்தது. "விஜயகுமாரி போனதுக்கப்பறம் எனக்கு எதுவும் தோணறதில்ல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. உங்கள பாத்தும் தோணல. அத தாம்பூலத்துக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள ஜெபா இந்த எண்ணக் காட்டிட்டான். நான் என்னுதுன்னு நெனச்சிட்டேன். அந்த அம்பத்தெட்டுதான் நான். நிறுத்தணும்னா இப்பவே நிறுத்திடலாம். பழி எம்மேல இருக்கட்டும்."

தமிழ்ச்செல்வி சிரிப்பை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். 

"ஈசிஜி எடுக்கறதுக்கு முன்னாடி எல்லா நகையையும் கழட்டச் சொல்லுவோம்," என்றாள். "கழட்டி எங்கிட்டதான் குடுப்பாங்க. வளையலு, செயினு, அட்டிகை. நான் ஒரு தட்டுல வாங்கி வெச்சிகினு நிப்பேன். கழட்டறப்ப அவங்க மொகத்த பாக்கணும். பயத்துல அதோட வெல என்னான்னே மறந்து போயிருக்கும். அதனாலதான் நக வேணாம்னேன். செலவு பண்றதுன்னா துடிக்கறத காட்டற சாமானுக்குப் பண்ணலாமேன்னு இத கேட்டேன். இப்பிடி மானத்த வாங்கும்னு தெரிஞ்சிருந்தா அட்டிகையே வாங்கிருப்பேன்."

"அந்த நூத்தி முப்பத்தொண்ணு எதுக்கு?" கேட்டுவிட்டான். "புடிக்கலியா?"

"பயம். உங்க அக்கா பாக்கறப்பல்லாம் ஒண்ணுதான் சொல்லுவாங்க, எந்தம்பி சிரிச்சே மூணு வருஷம் ஆவுதுன்னு. சிரிக்காத ஆளோட எப்பிடிக் காலந்தள்றதுன்னு பயம். பாதி அது."

"மீதி?"

"மீதி உங்களுக்கு எதுக்கு?" என்றாள். பிறகு, "அப்பறம் பாத்தா அந்த ஆளு குதிர மேல கத்திகினு போறாரு. மண்ணுல உருண்டு சிரிக்கறாரு."

"அது தப்பான எண்ணப் பாத்து வந்த சிரிப்பு."

"எண்ணு தப்பு. சிரிச்சது யாரு? வாட்ச்சா?"

 ஜெகதீசனுக்குப் பஜ்ஜி உறைத்தது நினைவுக்கு வந்தது. அந்த நாக்கு அவனுடையதுதான். அக்கா லாக்கரில் வைக்கத்தான் என்றபோது வயிற்றில் வெடித்தது எந்தக் கருவியும் சொல்லி வெடிக்கவில்லை. அப்போது அவன் போனைப் பார்க்கவே இல்லை.

"நான்தான்," என்றான்.

"கைய குடுங்க."

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்ச்சை மேலே தள்ளிவிட்டு, மூன்று விரலை வைத்து அழுத்தினாள். உதடு அசையாமல் எண்ணினாள். காற்றில் அவள் பூவிலிருந்து ஓர் இதழ் அவன் புறங்கையில் விழுந்தது. அவள் கவனம் கலையவில்லை. எண்ணி முடித்தும் கையை விடாமல் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

"எவ்ளோ?"

"சொல்ல மாட்டேன். குதிர ஓட்டத்துல ஏறினது இதுக்குள்ள எறங்கியிருக்கணும், இன்னும் எறங்கல. ஏறிகினு கீது."

"ஓடினதால..."

"எனக்குத் தெரியாதா? பேசாம இருங்க, தப்பிப் போவுது."

 விரலுக்கு அடியில் ஏதோ தட்டியது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவனுக்குக் கேட்டது, காதுவரைக்கும்.

"தமிழு! மாப்ள! மணி ஆறு தாண்டிப் போச்சி!" ஜெபக்குமார் அங்கவஸ்திரத்தை மீட்டுக்கொண்டு ஓடி வந்தான். அதில் பாதி ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம். "அங்க அல்லாரும் ஒக்காந்தாச்சி. இங்க இன்னா கைய புட்ச்சிகினு வைத்தியமா?"

மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கோதண்டராமன் மேடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஈரம், மீசையில் மணல், முகத்தில் துக்கம். ஆரம் கிடைக்கவில்லை. சின்னப்பொண்ணு வேறு புடவைக்கு மாறி, பெரிய மனசு பண்ணி அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். "வுடு அண்ணாத்த. கடலம்மாவுக்குப் போட்டதா நெனச்சிக்கலாம். பொருளா முக்கியம்?"

"எட்டு சவரன் தங்கச்சி. உன் மனசு யாருக்கு வரும்?"

தமிழ்ச்செல்வி ஜெகதீசனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு மறுபடி மூக்குக்கு வந்துவிட்டது.

ஐயர் லக்னப் பத்திரிகையை வாசித்து முடித்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டைக் கோதண்டராமன் இரண்டு கையாலும் தூக்கினார். மாப்பிள்ளை வீட்டுக்காகச் சின்னப்பொண்ணு புருஷன் எதிர்த் தட்டோடு எழுந்தார். தட்டு மாறுவதற்கு முன் சபையில் ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பெண்ணைக் கேட்டார்கள். அவள் நிமிர்ந்து, தெளிவாக, சம்மதம் என்றாள். யாரோ மைக்கை ஜெகதீசன் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். வார்த்தைகளை இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"பெரியோர்கள் கூடியிருக்கிற இந்தச் சபையில, என் மூத்த மக தமிழ்ச்செல்விய..."

"சம்மதம்," என்றான் ஜெகதீசன்.

மைக் கீச்சிட்டது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாயனக்காரர் அவசரமாக வாத்தியத்தைத் தேடினார்.

"இன்னும் கேக்கவே இல்லியே மாப்ள," என்றார் கோதண்டராமன் பரிதாபமாக.

"கேளுங்க மாமா."

அவர் தட்டை மடியில் இறக்கினார், மூச்சு வாங்கினார், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "பெரியோர்கள் கூடியிருக்கிற..."

அந்த முறையும் அவரை முடிக்கவிடவில்லை.